பத்து வருஷ எஃப்30 த்ரீ சீரிஸ்: எந்த எஞ்சின், எதற்குக் காசு ஒதுக்கணும்?

மருதமலை_ரோடு | 4 ஜனவரி 2025, காலை

பிஎம்டபிள்யூ த்ரீ சீரிஸ், எஃப்30 பாடி. மூணு வண்டி பார்த்து வச்சிருக்கேன்.

2013 328ஐ பெட்ரோல், 72,000 கி.மீ.
2014 320டி, டெல்லிப் பதிவு, 95,000 கி.மீ.
2017 320டி, கோவைப் பதிவு, 1,10,000 கி.மீ.

இதுல 328ஐ தான் விலையும் கம்மி, ஓட்டமும் கம்மி. ஆறு வருஷமாவது வச்சு ஓட்டணும். "ஓட்டம் கம்மியா இருக்கறத எடு, மத்ததெல்லாம் அப்புறம்"னு எல்லாரும் சொல்றாங்க. சரிதானா?

ஸ்பேனர்12 | 4 ஜனவரி 2025, இரவு

சரியில்லை. இந்த மாடலில் கிலோமீட்டரைப் பார்க்கும் முன் எஞ்சின் எது, எந்த மாதம் செய்தது என்று பாருங்கள். வெளியே மூன்றும் ஒரே வண்டி. பானெட்டைத் திறந்தால் மூன்றும் வேறு வேறு எஞ்சின்.

328ஐ-யில் இருப்பது என்20: 2 லிட்டர் டர்போ பெட்ரோல், 245 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர். 2014 டீசலில் என்47, 184 குதிரைத்திறன். 2017-ல் பி47, 190 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர். கியர்பாக்ஸ் மூன்றிலும் இசட்எஃப் நிறுவனம் செய்த 8 கியர் ஆட்டோமேட்டிக். அது நல்ல பெட்டி, அதற்குத் தனியாக எழுதுகிறேன்.

என்20-யின் வியாதி டைமிங் செயின் கைடு. செயின் இரும்புதான், அதைத் தாங்கி ஓடவிடும் கைடு பிளாஸ்டிக். சூட்டிலும் பழைய ஆயிலிலும் ஊறி அந்தப் பிளாஸ்டிக் மொறுமொறுத்துப் போகிறது. உடைந்த துண்டுகள் ஆயில் சேம்பரில் விழுந்து பம்ப்பின் சல்லடையை அடைக்கும். ஆயில் பிரஷர் இறங்கினால் பேரிங் போகும். செயின் ஒரு பல் தாவினால் வால்வும் பிஸ்டனும் மோதும். இரண்டில் எது நடந்தாலும் செலவு எஞ்சின் விலைக்குப் பக்கத்தில் வரும். 2015 தொடக்கத்தில்தான் கைடை மாற்றியமைத்தார்கள். அமெரிக்காவில் இதற்காக உரிமையாளர்கள் கூட்டு வழக்கே போட்டு, அது சமரசத்தில் முடிந்தது. உங்கள் 2013 வண்டி பழைய கைடு வந்த காலத்தைச் சேர்ந்தது.

12 வருஷத்தில் 72,000 என்றால் வருஷத்துக்கு 6,000. ஊருக்குள் சின்னச் சின்ன ஓட்டம், கிலோமீட்டர் ஏறவில்லையே என்று தள்ளிப்போட்ட ஆயில் சர்வீஸ். கைடுக்கு இதைவிடக் கெட்ட வாழ்க்கை கிடையாது. ஹைவேயில் 1,10,000 ஓடி, ஒவ்வொரு 10,000-க்கும் ஆயில் மாற்றிய வண்டிதான் எனக்கு இளசு.

ஸ்பேனர்12 | 5 ஜனவரி 2025

328ஐ மேல் ஆசை விடவில்லை என்றால் வாங்கும் முன் இரண்டு சோதனை.

காது: இரவு முழுக்க நின்ற வண்டியை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். எஞ்சினின் முன்பக்கம் நின்று ஒருவரை மெதுவாக ஆக்ஸிலரேட்டர் கொடுக்கச் சொல்லுங்கள். ஆர்பிஎம் ஏற ஏறக் கூடவே ஏறும் மெல்லிய விசில் கேட்டால், அது கீழே ஆயில் பம்ப்பை ஓட்டும் சின்னச் செயினின் சத்தம். டர்போ விசில் லோடு ஏறும்போதுதான் வரும். இது நின்ற இடத்திலேயே வரும்.

கண்: ஆயில் ஃபில்டரைக் கழற்றி அதன் மடிப்புகளைக் கத்தியால் வெட்டி, ஒரு வெள்ளைத் தாளில் விரித்து டார்ச் அடித்துப் பாருங்கள். மஞ்சளும் பழுப்புமாக, வெட்டிப்போட்ட நகத்துண்டு போல வளைந்த பிளாஸ்டிக் சில்லு ஒன்றே ஒன்று இருந்தாலும் பேரம் முடிந்தது. இதற்கு ஒரு ஆயில் சர்வீஸ் செலவுதான். விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

இந்த எஞ்சினுக்கு டிப்ஸ்டிக் கிடையாது, ஆயில் அளவு திரையில்தான் தெரியும். ஆயில் 5 லிட்டர், பிஎம்டபிள்யூ வகுத்த எல்எல்-01 தரம். டீசலுக்கு எல்எல்-04. டப்பாவில் அந்த எண் அச்சாகியிருக்க வேண்டும், "ஜெர்மன் வண்டிக்கு ஏற்றது" என்று பொதுவாகப் போட்டிருந்தால் போதாது.

ஓஎம்ஆர்_டீசல் | 5 ஜனவரி 2025

டீசல்லயும் செயின் பிரச்னை உண்டுன்னு சொல்லுவாங்களே? முன்னாடி கவரைத் திறந்து மாத்திக்கலாம்தானே?

ஸ்பேனர்12 | 6 ஜனவரி 2025

முன்பக்கம் என்பது பெட்ரோல் என்20-க்கு மட்டும். என்47, பி47 இரண்டிலும் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. அதைத் தொட வேண்டும் என்றால் கியர்பாக்ஸ் இறங்க வேண்டும், பல கேரேஜில் எஞ்சினையே இறக்கிவிடுவார்கள். பாகத்தின் விலையைவிடக் கூலி அதிகம்.

என்47-ல் மோசமான காலம் 2011-க்கு முன் வந்தவை, அதாவது முந்தைய ஈ90 பாடி. எஃப்30-ல் வந்தது திருத்திய வடிவம். இருந்தாலும் 1,00,000-ஐ நெருங்கும் வண்டியில் காது கொடுத்தே ஆக வேண்டும். குளிர்ந்த ஸ்டார்ட்டில், 1,500 முதல் 2,000 ஆர்பிஎம்முக்குள், டேஷ்போர்டு பக்கத்திலிருந்து உரசுகிற மாதிரி சத்தம் வருகிறதா? முன்பக்கம் கேட்பதைவிட கேபினுக்குள் உட்கார்ந்தால்தான் தெளிவாகக் கேட்கும். பி47-லும் இடம் அதேதான், ஆனால் இந்தப் புகார் அதில் வெகுவாகக் குறைந்துவிட்டது. 2017-ஐ எடுங்கள் என்று நான் சாய்வதற்கு முதல் காரணம் இது.

என்47-ல் இன்னொன்று: க்ராங்க் புல்லி. நடுவில் ரப்பர் ஒட்டிய, எஞ்சின் அதிர்வை வாங்கிக்கொள்ளும் டேம்பர் அது. ரப்பர் வெடித்தால் புல்லி தள்ளாடும், பெல்ட் நார்நாராகக் கிழியும். அடித்தட்டைக் கழற்றி, எஞ்சின் ஓடும்போது புல்லியின் ஓரத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். ஆடக்கூடாது. மாற்றும்போது போல்ட்டுகளும் புதியவை, பழையதைத் திரும்பப் போட வேண்டாம்.

பின்வீல்_டிரைவ் | 6 ஜனவரி 2025

டெல்லி வண்டியைப் பத்தி யாரும் பேசலையே. விலை ஏன் கம்மின்னு அவர் தெரிஞ்சுக்கணும். அங்க 10 வருஷம் தாண்டின டீசல் ஓடக்கூடாதுன்னு 2015-ல தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018-ல உச்ச நீதிமன்றமும் அதை உறுதி பண்ணிச்சு. அதனாலதான் பத்து வருஷத்தை நெருங்கின டீசல் எல்லாம் தெற்கே இறங்கிச்சு. வண்டி கெட்டதுன்னு அர்த்தமில்ல. ஆனா விலை குறைஞ்சது கேரேஜுக்கு முன்னாடியே ஆர்டிஓ-ல கரைஞ்சிடும்.

வாங்க வேண்டியது: அங்கிருந்து படிவம் 28-ல என்ஓசி, கடன் இருந்திருந்தா படிவம் 35-ல அது அடைஞ்சதுக்கு ஆதாரம், உரிமை மாற்றத்துக்கு படிவம் 29, 30. 12 மாசத்துக்கு மேல இங்க ஓட்டினா இங்கேயே மறுபதிவு. தமிழ்நாட்டு ஆயுள் வரி வண்டியோட விலையையும் வயசையும் வச்சுப் போடுவாங்க. அந்தக் கணக்கை ஆர்டிஓ-ல எழுதி வாங்கிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்க. என்ஓசி கையில வராம ஒரு ரூபாய் கூட வேண்டாம்.

ஸ்பேனர்12 | 8 ஜனவரி 2025

வரிப் பேச்சு சரி. அதோடு ஒன்று. தெற்கே வரும் வண்டி எதுவானாலும், இங்கேயே சென்னையில் இருந்த வண்டியானாலும், தண்ணீரில் நின்றதா என்று பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாமிலும் அடித்தளத்தில் நிறுத்திய எத்தனையோ வண்டிகள் மூழ்கின. கழுவித் துடைத்தால் வெளியே தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், ரீலுக்குள் சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு நிற்கும். முன்சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற ஏர்பேக் கனெக்டர் இருக்கிறது, பின்னில் பச்சை பூத்திருந்தால் விட்டுவிடுங்கள். டிக்கியில் வலப்பக்கம் பேட்டரி உட்காரும் குழியைத் திறந்து பாருங்கள், துருவோ வண்டலோ இருக்கக்கூடாது.

இன்னொரு பக்கம், சன்ரூஃப் வடிகுழாய் அடைத்தாலும் காலடி ஈரமாகும். முன்னால் இரண்டு குழாய், கண்ணாடியை ஒட்டிய தூண் வழியாக இறங்குகிறது. வேப்ப மரத்தடியில் நிறுத்திய வண்டியில் இலைத்தூள் அடைத்திருக்கும். மெல்லிய நைலான் நரம்பு விட்டால் போதும், காற்றழுத்தம் வேண்டாம், இணைப்பு கழன்றுவிடும். அதனால் ஈரத்தைப் பார்த்ததும் வெள்ளம் என்று முடிவு கட்ட வேண்டாம். சேறும் சீட் பெல்ட்டும்தான் சாட்சி.

மருதமலை_ரோடு | 8 ஜனவரி 2025

மீட்டர் திருத்தியிருப்பாங்களோன்னு ஒரு பயம். 95,000 நிஜமான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

ஸ்பேனர்12 | 9 ஜனவரி 2025

இந்த வண்டியில் கிலோமீட்டர் ஒரே இடத்தில் இல்லை. மீட்டரில் இருக்கிறது, முன்பக்க எலெக்ட்ரானிக் மாட்யூலில் இருக்கிறது, சாவியிலும் எழுதப்படுகிறது. சர்வீஸ் சென்டரில் சாவியைப் படித்துச் சொல்வார்கள். இரண்டு சாவியையும் கேளுங்கள், ஒன்றுதான் இருக்கிறது என்றால் ஏன் என்று கேளுங்கள்.

இன்னும் எளிது: ஸ்கேனர் போட்டு எல்லா மாட்யூலின் பழைய ஃபால்ட் கோடுகளையும் (கோளாறு வந்தால் வண்டி பதிந்து வைக்கும் எண்கள்) திறந்து பாருங்கள். ஒவ்வொரு கோடோடும் அது பதிவான கிலோமீட்டர் இருக்கும். மீட்டர் 95,000 காட்டும்போது ஏதோ ஒரு கோடு 1,38,000-ல் பதிவாகியிருந்தால் மேற்கொண்டு பேச என்ன இருக்கிறது. கோடுகள் எல்லாமே முந்தின நாள் அழிக்கப்பட்டு வெறுமையாக இருந்தாலும் யோசியுங்கள். பத்து வருஷ வண்டியில் ஒரு கோடு கூட இல்லாமல் இருக்காது.

திரையில் வண்டி விவரத்துக்குள் சர்வீஸ் வரலாறு இருக்கும். அதில் தேதி, கிலோமீட்டர் இரண்டையும் பில்லோடு ஒப்பிடுங்கள். ஆயில் சர்வீஸ் இடைவெளி 10,000 கி.மீ. அல்லது ஒரு வருஷம், இதில் எது முன்போ அது. வண்டி தானாகக் காட்டும் இடைவெளி இதைவிட நீளம். நம்மூர்ச் சூட்டுக்கும் நெரிசலுக்கும் அது நீளம்தான்.

எட்டாவது_கியர் | 11 ஜனவரி 2025

கியர்பாக்ஸ் ஆயில் வாழ்நாள் முழுக்கப் போதும்னு சர்வீஸ்ல சொல்றாங்க. மாத்தினா பெட்டி போயிடும்னு வேற பயமுறுத்தறாங்க. எது நிஜம்?

ஸ்பேனர்12 | 12 ஜனவரி 2025

பெட்டியைச் செய்த இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது 8 வருஷத்தில் மாற்றச் சொல்கிறது. செய்தவன் பேச்சைக் கேளுங்கள். "மாற்றினால் போய்விடும்" என்ற பயம் வந்த வழி வேறு: ஏற்கனவே வழுக்கும் பெட்டிக்குக் கடைசி நேரத்தில் ஆயில் மாற்றுகிறார்கள், அது அப்புறமும் வழுக்குகிறது, பழி புது ஆயில் மேல் விழுகிறது.

ஃபில்டர் தனியாக வராது. பிளாஸ்டிக் சேம்பரோடு சேர்ந்தே வரும், அதனால் சேம்பர், கேஸ்கெட், போல்ட், 7 லிட்டர் ஆயில் சேர்ந்த கிட்டாக வாங்குங்கள். ஆயில் லைஃப்கார்ட் 8. புதிதாக ஊற்றும்போது பச்சை நிறம். கழன்று வருவது கறுப்பாக இருந்தால் அது சூட்டின் வேலை. சேம்பரின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பு, இரும்புச் சீவல் இருப்பது இயல்பல்ல.

முறை: வண்டி லிஃப்ட்டில் மட்டமாக நிற்க வேண்டும், மூக்கு தூக்கக் கூடாது. முதலில் மேலே இருக்கும் நிரப்பும் பிளக்கைத் திறந்து பாருங்கள். அது இறுகிக் கிடந்தால் கீழே வடித்துவிட்டுத் திண்டாட வேண்டிவரும். பிறகு வடித்து, சேம்பர் மாற்றி, போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில் இறுக்குங்கள், 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் வேண்டாம், பிளாஸ்டிக் வெடிக்கும். எஞ்சின் நிற்கும்போது பிளக்கில் வழியும் வரை ஊற்றுங்கள். ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்தபடி ரிவர்ஸ், டிரைவ் எல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டு எடுங்கள். எஞ்சின் ஓடும்போதே மறுபடி ஊற்றுங்கள். கடைசி அளவு, ஸ்கேனரில் கியர்பாக்ஸ் ஆயில் 30-க்கும் 50-க்கும் நடுவில், 40 டிகிரியை ஒட்டி இருக்கும்போது, பிளக்கிலிருந்து சொட்டுச் சொட்டாக வழிவதுதான். அப்போதே பிளக்கை மூடுங்கள். ஸ்கேனர் இல்லாமல் கையால் தொட்டுப் பார்த்துச் செய்யும் கேரேஜில் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

அங்கேயே நிற்கும்போது மெக்கட்ரானிக்குக்கு, அதாவது பெட்டிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டு யூனிட்டுக்கு, ஒயர் நுழையும் ஸ்லீவையும் பாருங்கள். அதன் ஓ-ரிங் கசியும். சேம்பர் கேஸ்கெட் கசிவு என்று நினைத்துச் சேம்பரை மட்டும் மாற்றிவிட்டு, மறுபடி அதே இடத்தில் ஈரம் பார்ப்பது இதனால்தான்.

ஓஎம்ஆர்_டீசல் | 12 ஜனவரி 2025

சென்னையில பூட்டின வண்டிதானே இதெல்லாம், ஜெர்மனியில இருந்து வந்ததைவிட தரம் கம்மின்னு ஒரு பேச்சு இருக்கே.

ஸ்பேனர்12 | 12 ஜனவரி 2025

அந்தப் பேச்சில் சத்தில்லை. மகிந்திரா வேர்ல்டு சிட்டி ஆலை 2007-ல் தொடங்கியது, த்ரீ சீரிஸ் ஆரம்பத்திலிருந்தே அங்கே பூட்டப்படுகிறது. என்20-யின் கைடு அமெரிக்காவிலும் உடைகிறது, என்47-ன் செயின் இங்கிலாந்திலும் சத்தம் போடுகிறது. குறை வரைபடத்தில் இருந்தது, பூட்டிய கையில் இல்லை.

ஸ்பேனர்12 | 15 ஜனவரி 2025

2017-ஐ எடுங்கள் என்று மேலே சாய்ந்தேன். அதற்கு ஒரு நிபந்தனை சேர்க்கிறேன்: ஈஜிஆர் கூலர்.

டீசலில் வெளியேறும் புகையின் ஒரு பங்கு குளிர்விக்கப்பட்டு மறுபடி உள்ளே போகிறது. அதைக் குளிர்விக்கும் பெட்டிக்குள் கூலண்ட் ஓடுகிறது. உள்ளே விரிசல் விட்டால் கூலண்ட் கசிந்து கரியோடு சேர்ந்து பிசுபிசுவென்று ஒட்டும். ஹைவேயில் நீளமாக ஓடும்போது அந்தப் பிசினே பற்றிக்கொள்ளும், பிளாஸ்டிக் இன்டேக் உருகும். 2018-ல் தென் கொரியாவில் வரிசையாக வண்டிகள் எரிந்ததும், சோதிக்காத வண்டிகளை ஓட்டக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டதும் இதனால்தான். அதன்பின் பல நாடுகளில் திரும்ப அழைத்து மாற்றினார்கள். விஐஎன் எண்ணை (சேஸிஸ் நம்பர்) கொடுத்து, இந்த வண்டிக்கு ஏதாவது திரும்பப் பெறும் வேலை பாக்கி இருக்கிறதா என்று டீலரிடம் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கையால் பார்ப்பது: கூலண்ட் டேங்கில் அளவைக் குறித்து வைத்து, 500 கி.மீ. ஓட்டியபின் குளிர்ந்த நிலையில் பாருங்கள். வெளியே சொட்டு இல்லாமல் அளவு மட்டும் இறங்குகிறது என்றால் கூலர்தான் முதல் சந்தேகம். "எப்போதாவது கொஞ்சம் ஊற்றணும், அவ்வளவுதான்" என்று விற்பவர் சொன்னால் அதை லேசாக எடுக்காதீர்கள்.

ஊற்றுவது நீல நிற ஜி48 கூலண்ட், பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர். போர் தண்ணீர் ஊற்றிய வண்டியின் டேங்க் மூடிக்கு அடியில் வெள்ளைப் படிவு இருக்கும். மூடியைத் திருகிப் பார்த்தாலே வண்டியை வளர்த்த விதம் தெரிந்துவிடும். எஞ்சின் ஆறியபின் மட்டும் திறவுங்கள்.

ஸ்பேனர்12 | 15 ஜனவரி 2025, இரவு

விட்டுப்போனது. டீசலில் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கு வராது, வண்டியும் நன்றாகவே ஓடும். ஆனால் எஞ்சின் சூடேறாது, டீசல் கூடுதலாகக் குடிக்கும், டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள வண்டியில் கரி எரியாமல் சேரும். இந்த வண்டியில் கூலண்ட் சூட்டுக்கு முள் கிடையாது, இருப்பது ஆயில் சூட்டுக்கு. அதனால் எஞ்சின் அளவுகளைப் படித்துக் காட்டும் ஓபிடி கருவியை மாட்டி சேலம் ரோட்டில் 20 நிமிஷம் ஓட்டுங்கள். கூலண்ட் 88 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும். 70, 75-லேயே நின்றால் தெர்மோஸ்டாட் மாற்ற வேண்டும். அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

பின்வீல்_டிரைவ் | 17 ஜனவரி 2025

எங்கிட்ட இருக்கறது 328ஐ தான், விக்கற எண்ணம் இல்ல. வாட்டர் பம்ப் மாத்தணும். கேரேஜ்ல கூலண்ட் ஊத்தி ஸ்டார்ட் பண்ணி ஏர் எடுக்கலாம்ங்கறாங்க.

ஸ்பேனர்12 | 17 ஜனவரி 2025

வேண்டாம். என்20-ல் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது, ஏர் எடுக்க எஞ்சின் ஓடவே கூடாது. பேட்டரிக்கு சார்ஜர் மாட்டுங்கள். டேங்க்கை நிரப்புங்கள். இக்னிஷன் ஆன், எஞ்சின் ஆஃப். ஹீட்டர் சூட்டை உச்சத்துக்கு வையுங்கள், காற்றின் வேகம் ஆகக் குறைவாக. ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு 10 விநாடி மிதித்து விடுங்கள். பம்ப் தானாக ஓட ஆரம்பிக்கும், சுமார் 12 நிமிஷம் ஓடி நிற்கும். காது வைத்தால் அதன் முனகல் ஏறி இறங்குவது கேட்கும். நின்றபின் அளவைச் சரிபாருங்கள். குறைந்திருந்தால் நிரப்பி இன்னொரு முறை.

பம்ப்பைப் பிடிக்கும் போல்ட் அலுமினியம், ஒருமுறைக்கு மட்டும். பழையதைப் போட்டால் இறுக்கும்போதே தலை முறியும். தெர்மோஸ்டாட்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். இரண்டும் ஒரே இடம், இரண்டு முறை கூலி கொடுக்க வேண்டாம். இந்த பம்ப் சத்தம் போட்டு எச்சரிக்காது. 1,00,000 கி.மீ.யை ஒட்டி, கெடும் முன்பே மாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

மருதமலை_ரோடு | 20 ஜனவரி 2025

2017 வண்டியை ஓட்டிப் பார்த்தேன். செயின் சத்தம் இல்ல, கூலண்ட் சூடு 88-89, கியர் வழவழன்னு மாறுது. ஆனா 90 வேகத்துல பிரேக் பிடிச்சா ஸ்டீயரிங் உதறுது. முன் டிஸ்க் ரெண்டும் மாத்தித் தர்றேங்கறார்.

ஸ்பேனர்12 | 20 ஜனவரி 2025

டிஸ்க்கை மாற்ற விடாதீர்கள், முதலில் முன் ஆர்ம் புஷ்ஷைப் பாருங்கள். முன்சக்கரத்திலிருந்து முன்னோக்கிப் போகும் ஆர்மின் முனையில் உள்ளே திரவம் நிரம்பிய ரப்பர் புஷ் இருக்கிறது. பள்ளத்திலும் வேகத்தடையிலும் அடிபட்டு அது கிழிந்தால் திரவம் வடிந்துவிடும், புஷ்ஷைச் சுற்றிக் கறுத்த ஈரக்கோடு தெரியும். அப்புறம் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் முன்னும் பின்னும் ஆடும், உதறல் ஸ்டீயரிங்கில் வரும். புது டிஸ்க் போட்டால் கொஞ்ச நாள் குறைந்த மாதிரி இருந்து திரும்ப வரும்.

இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். முக்கியமான விஷயம்: சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கக் கூடாது. கையால் மாட்டி, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கியபின்தான் கடைசி இறுக்கம். தொங்கும்போது இறுக்கினால் புஷ் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். வேலை முடிந்ததும் அலைன்மென்ட்.

டயர் ரன்ஃபிளாட்டா, அதாவது காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் வகையா என்று பாருங்கள். பக்கச்சுவர் கெட்டியாக இருப்பதால் பள்ளத்தின் அடி முழுக்க புஷ்ஷுக்குப் போகிறது. சாதாரண டயருக்கு மாறலாம், சவாரியும் மிருதுவாகும், ஆனால் டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாறுங்கள்.

மருதமலை_ரோடு | 26 ஜனவரி 2025

புஷ்தான். லிஃப்ட்ல ஏத்தினதும் ரெண்டு பக்கமும் ஈரம் தெரிஞ்சுது. அந்தச் செலவு, கியர் ஆயில் ரெண்டையும் கழிச்சு விலை படிஞ்சிடுச்சு. ஈஜிஆர் கூலர் மாத்தின பில்லும் இருக்கு. இனி கையில எவ்வளவு வச்சிருக்கணும்?

ஸ்பேனர்12 | 27 ஜனவரி 2025

வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கை முதல் இரண்டு வருஷத்துக்கு ஒதுக்குங்கள். எல்லாம் போகாது, போனால் கை பிசையாமல் இருக்கலாம்.

பேட்டரி எந்த வருஷத்தது என்று இந்த வாரமே பாருங்கள். மாற்றினால் ஏஜிஎம் வகை, பழையதன் ஆம்பியர்-ஹவர் அளவே. மாற்றியபின் ஸ்கேனரில் புதுப் பேட்டரியைப் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பழைய பேட்டரி என்று நினைத்தே வண்டி சார்ஜ் ஏற்றும், புதியது சீக்கிரம் சாகும். பிரேக் ஃப்ளூயிட் 2 வருஷத்துக்கு ஒருமுறை. பேட் தேய்மானத்தைச் சொல்லும் சென்சார் முன் இடது, பின் வலது இரண்டில் மட்டும்தான், மற்ற இரண்டு பேட்களை ஒவ்வொரு சர்வீஸிலும் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆயில் சர்வீஸை முந்தைய பில்லின் கணக்கில் தொடராதீர்கள். வண்டி கைக்கு வந்த அன்றே ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, உங்கள் 10,000-ஐ அங்கிருந்து தொடங்குங்கள்.